எஃப்10 விசை எங்கே தொலைகிறது? முனையக் கோப்பு மேலாளருக்குள் உறைந்திருக்கும் அறுபதாண்டு வரலாறு

லினக்ஸ் முனையத்தில் இயங்கும் கோப்பு மேலாளர்களைப் புதிதாகப் பயில்வோர் எல்லோரும் ஏறத்தாழ ஒரே வரிசையில் ஒரே தடைகளைச் சந்திக்கிறார்கள். மிட்நைட் கமாண்டரை விட்டு வெளியேற எஃப்10ஐ அழுத்தினால் நிரல் மூடுவதில்லை. சாளரத்தின் பட்டியல் திறக்கிறது. கன்ட்ரோல்+எஸ் அழுத்தினால் திரை உறைந்து நிற்கிறது. எஸ்கேப்பை ஒருமுறை அழுத்தினால் ஒன்றும் நிகழ்வதில்லை. இருமுறை அழுத்த வேண்டியிருக்கிறது. கன்ட்ரோல்+ஐ என்பதற்குத் தனிப் பணி ஒதுக்கினால் டேப் விசையும் அதே பணியைச் செய்யத் தொடங்குகிறது. தமிழ் விசைப்பலகைக்கு மாறிய நிலையிலோ, பெரும்பாலான எழுத்து விசைகள் மௌனமாகிவிடுகின்றன.

இவற்றைப் பிழைகள் என்று அழைப்பதே வழக்கம். ஆயினும் இவற்றுள் பெரும்பாலானவற்றில் நிரலாளரின் பிழையும் இல்லை, பயனரின் பிழையும் இல்லை. வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு கருவிகளுக்காக எடுக்கப்பட்ட முடிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, இன்று ஒரே விசைப்பலகையில் சந்திக்கின்றன. தொல்லியலாளர் மண்ணடுக்குகளைப் படிப்பதுபோல் இந்த அடுக்குகளைப் படித்தால் ஒவ்வொரு விசையும் எங்கே தொலைகிறது என்பது தெளிவாகும். அதனோடு, விசைப்பலகையை வடிவமைத்தோரின் மனத்தில் எந்த மொழியினர் இருந்தனர், எவர் இல்லை என்பதும் வெளிப்படும்.

1. குத்துத்தாள் நாடாவின் எச்சம்

முதல் அடுக்கு 1963ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அமெரிக்கத் தரமான ஆஸ்கி குறியாக்கம் வெளியானதும், டெலிடைப் நிறுவனத்தின் மாடல் 33 தொலையச்சுப் பொறி சந்தைக்கு வந்ததும் அவ்வாண்டிலேயே. ஆஸ்கி 7 பிட்டுகளால் ஆனது. ஆகவே அதில் 128 இடங்கள் மட்டுமே உண்டு. அவற்றுள் முதல் 32 இடங்கள் எழுத்துகளுக்கு உரியவை அல்ல. தாளை மேலேற்று, மணியை ஒலி, அச்சுத்தலையை வரியின் தொடக்கத்திற்குக் கொண்டுசெல் என்பன போன்ற கட்டுப்பாட்டுக் குறிகளுக்கு அவை ஒதுக்கப்பட்டன.

கன்ட்ரோல் விசையின் பணி இந்த 32 குறிகளை எழுப்புவதே. கணக்கு எளியது: ஆங்கிலப் பேரெழுத்தின் எண்ணிலிருந்து 64ஐக் கழிக்க வேண்டும். ஐ என்னும் எழுத்தின் எண் 73, கழித்தால் 9. அது டேப்பின் எண். எம் என்பது 77, கழித்தால் 13. அது என்டர் விசையின் எண். எச் என்பது 72, கழித்தால் 8. அது பேக்ஸ்பேஸ். ஆகவே முனையத்தின் வழியாக வரும் 9 என்னும் எண்ணைப் பெறும் நிரல், பயனர் டேப்பை அழுத்தினாரா, கன்ட்ரோல்+ஐ அழுத்தினாரா என்று அறிய வழியே இல்லை. ஷிப்டைச் சேர்த்து அழுத்தினாலும் அதே எண்தான் செல்லும். கன்ட்ரோல்+ஐ தகராற்றின் தோற்றுவாய் இதுவே.

திரை உறைவதற்கும் விடை இங்கேயே உள்ளது. எஸ் என்னும் எழுத்தின் எண் 83. 64ஐக் கழித்தால் 19. மாடல் 33இன் நாடாப் படிப்பானை நிறுத்தும் குறி அது. 17ஆம் குறி, அதாவது கன்ட்ரோல்+கியூ, அதை மீண்டும் ஓடச் செய்யும். நாடா வழக்கொழிந்து கண்ணாடித் திரை முனையங்கள் வந்தபோது, பாய்ந்துவரும் எழுத்துகளைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க இதே இணை பயன்பட்டது. லினக்ஸ் கருவகத்தின் முனைய அடுக்கு இன்றும் இதை மதிக்கிறது. உறைந்த திரைக்கு முன் அமர்ந்திருக்கும் மாணவர் கணினி நின்றுவிட்டதாக எண்ணிச் சாளரத்தை மூடினால், அதனுள் நடந்துகொண்டிருந்த கோப்புப் படியெடுப்பும் சேர்ந்தே நின்றுபோகும். கன்ட்ரோல்+கியூ அழுத்தியிருந்தால் போதும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் நாடாப் படிப்பானைக் கண்டதில்லை.

அழிப்பு விசையின் குழப்பமும் இக்காலத்ததே. நாடாவில் தவறாகக் குத்திய எழுத்தை நீக்க முடியாது. ஆனால் 7 துளைகளையும் குத்தி அதைச் செல்லாததாக்கலாம். 7 பிட்டுகளும் ஒன்றாக உள்ள எண் 127. அதனால் அது டிலீட் எனப் பெயர்பெற்றது. பின்னாளில் ‘முந்தைய எழுத்தை அழி’ என்னும் பொருளுக்குச் சில முனையங்கள் 8ஐயும் சில 127ஐயும் அனுப்பத் தொடங்கின. இவ்விரண்டும் பொருந்தாத இடத்தில் பேக்ஸ்பேஸை அழுத்தினால், கன்ட்ரோல்+எச் என்பதற்கு ஒதுக்கிய பணி நடைபெறுவதைக் காணலாம்.

2. எஸ்கேப்: ஒரு குறி, இரு பொருள்

எஸ்கேப் குறியை ஆஸ்கிக்குள் கொண்டுவந்தவர் ராபர்ட் பெமர். அடுத்து வருவதை வேறு மரபின்படி படிக்கவும் என்று அறிவிப்பதே அக்குறியின் நோக்கம். 128 இடங்களுக்குள் அடங்காதவற்றையும் சொல்ல அது ஒரு வாயிலாயிற்று. 1978இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் வெளியிட்ட விடி100 முனையம் இவ்வாயிலை முழுமையாகப் பயன்படுத்தியது. அதன் மேல் அம்பு விசை ஒரு எண்ணை அனுப்புவதில்லை. எஸ்கேப், சதுர அடைப்பு, ஏ என்று மூன்று குறிகளை அடுத்தடுத்து அனுப்புகிறது. 1983இன் விடி220 முனையத்தில் எஃப்10 விசை எஸ்கேப், சதுர அடைப்பு, 2, 1, அலைக்குறி என்னும் ஐந்து குறிகளாயிற்று.

இதனால் எஸ்கேப் விசை இரட்டை வாழ்க்கை வாழ நேர்ந்தது. அது தன்னளவில் ஒரு விசை. பிற விசைகளின் முதல் துண்டும் அதுவே. எஸ்கேப்பின் எண்ணான 27 வந்ததும் நிரல் காத்திருக்க வேண்டியிருக்கிறது: தொடர்ந்து ஏதேனும் வருமா, வராதா? முனைய நிரல்கள் பல சார்ந்திருக்கும் என்கர்சஸ் நூலகத்தில் இக்காத்திருப்பு இயல்பாக 1000 மில்லிவினாடிகள். மிட்நைட் கமாண்டர் வேறு வழியைத் தேர்ந்தது: ரத்து செய்ய எஸ்கேப்பை இருமுறை அழுத்த வேண்டும். காத்திருப்பைக் குறைத்தால் வேறொரு இடர் எழும். தொலைவிலுள்ள வழங்கியோடு மெதுவான இணைப்பில் பணியாற்றுகையில் அம்பு விசையின் மூன்று குறிகள் பிரிந்து வந்து சேரலாம். அப்போது நிரல் முதற்குறியைத் தனி எஸ்கேப் என்று கொண்டு, எஞ்சிய எழுத்துகளைக் கட்டளைகளாக நிறைவேற்றும். ஒற்றையெழுத்துக் கட்டளைகளைக் கொண்ட கோப்பு மேலாளரில் இதன் விளைவு சிறியதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

ஆல்ட் விசையும் இதே வாயிலில் நிற்கிறது. பழைய முனையங்கள் சிலவற்றில் மெட்டா விசை, எழுத்தின் எட்டாவது பிட்டை ஏற்றிவைக்கும். ஆனால் ஆஸ்கிக்கு அப்பாலுள்ள எழுத்துகளுக்கும் அந்த எட்டாவது பிட் தேவைப்பட்டது. ஐரோப்பிய மொழிகளின் 8 பிட் குறியாக்கங்களும், இந்திய எழுத்துகளுக்காக 1991இல் ஐஎஸ் 13194 என்னும் தரமாக வெளியான இஸ்கியும் மேற்பாதி 128 இடங்களைத் தம் எழுத்துகளுக்கு எடுத்துக்கொண்டன. ஒரே பிட் குறுக்குவிசையாகவும் இந்திய எழுத்தாகவும் இருக்க இயலாது. ஆகவே ஆல்ட்+எக்ஸ் என்பதை எஸ்கேப்பைத் தொடர்ந்து எக்ஸ் என்று அனுப்பும் வழக்கம் நிலைபெற்றது.

3. நார்ட்டன் கமாண்டர்: வேறொரு நிலத்துப் பயிர்

கோப்பு மேலாளரின் வேர் யூனிக்ஸில் இல்லை. ஜான் சோச்சா உருவாக்கி, பீட்டர் நார்ட்டன் கம்ப்யூட்டிங் 1986இல் வெளியிட்ட நார்ட்டன் கமாண்டர், டாஸ் இயங்குதளத்துக்கு உரியது. 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் விசைப்பலகையில் 10 செயல்விசைகள் இருந்தன. நார்ட்டன் கமாண்டரின் அடிவரியிலும் 10 பணிகள்: எஃப்3 பார்க்க, எஃப்5 படியெடுக்க, எஃப்8 அழிக்க, எஃப்10 வெளியேற. இன்று மிட்நைட் கமாண்டரின் அடியில் காணப்படும் பத்துச் சொற்கள் அந்த விசைப்பலகையின் நிழலே.

டாஸ் நிரலுக்கும் விசைப்பலகைக்கும் இடையே தொலைவு மிகக் குறைவு. ஒவ்வொரு விசையும் அழுத்தப்படும்போதும் விடுபடும்போதும் தனித்தனி எண் கணினிக்குச் செல்லும். எந்த விசை, எந்தத் துணைவிசையோடு என்பதை நிரல் துல்லியமாக அறியலாம். முனையம் கொண்ட உலகம் வேறு. அங்கு நிரல் ஒரு நகரில், விசைப்பலகை மற்றொரு நகரில், இடையே ஒரு கம்பி. கம்பியின் வழியே எழுத்துகள் மட்டுமே செல்லும், விசைகள் செல்லா.

1994இல் மெக்சிகோவின் தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த மிகேல் டி இகாசா மிட்நைட் கமாண்டரை வெளியிட்டபோது, முதல் உலகத்துப் பயிரை இரண்டாம் உலகத்து மண்ணில் நட்டார். கடத்த இயலாத விசைகளுக்கு மாற்று வழிகள் தேவைப்பட்டன. எஃப்1 வராத முனையங்களுக்கு எஸ்கேப்பைத் தொடர்ந்து 1; எஃப்10க்கு எஸ்கேப்பைத் தொடர்ந்து 0. கன்ட்ரோல்+என்டர் பல முனையங்களில் இயங்காமையால், அதே பணிக்கு ஆல்ட்+என்டர். இந்த மாற்று வழிகளை மனப்பாடம் செய்வோர் பலர். அவை ஏன் தோன்றின என்று கேட்போர் சிலர்.

ரேஞ்சர், விஐஎஃப்எம் போன்ற பிற்காலக் கோப்பு மேலாளர்கள் இன்னொரு மரபைச் சார்ந்தவை. பில் ஜாய் 1976இல் விஐ எழுதிக்கு வடிவம் கொடுத்தபோது பயன்படுத்தியது லியர் சீக்லர் நிறுவனத்தின் ஏடிஎம்-3ஏ முனையம். அதில் தனி அம்பு விசைகள் இல்லை. எச், ஜே, கே, எல் விசைகளின் மேல் அம்புகள் அச்சிடப்பட்டிருந்தன. அவ்விடத்தேர்வும் தற்செயலன்று: கன்ட்ரோல்+எச் முன்னரே பின்னோக்கிய நகர்வு, கன்ட்ரோல்+ஜே முன்னரே அடுத்த வரி. 1963இன் குறிப்பட்டியலே இன்றைய ரேஞ்சர் பயனரின் விரல்களை நகர்த்துகிறது.

4. இடைமறிப்போர்

மேலே கூறியவை அனைத்தும் விசை நிரலை வந்தடையும்போது ஏற்படும் சிக்கல்கள். வந்தடையாமலே போவதும் உண்டு. மேசைத்தளம், சாளரத்திலுள்ள முனையச் செயலி, டிமக்ஸ் போன்ற பல்திரைக் கருவி ஆகிய ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய விசையை எடுத்துக்கொண்டு எஞ்சியதைக் கீழே விடுகிறது. 1987இல் ஐபிஎம் வகுத்த பொதுப் பயனர் அணுகல் விதிகள் எஃப்10ஐப் பட்டியலைத் திறக்கும் விசையாக்கின. வரைகலை மேசைத்தளங்கள் அதைப் பின்பற்றின. 1986இன் நார்ட்டன் மரபும் 1987இன் ஐபிஎம் மரபும் ஒரே விசைக்கு உரிமை கோருகின்றன. க்னோம் முனையத்தில் மேலடுக்கு முதலில் கேட்பதால் ஐபிஎம் வெல்கிறது. அதன் விருப்பத்தேர்வுகளில் பட்டியல் விசையை முடக்கும் வசதி இருப்பது இப்பூசலின் காரணமாகவே பயனுள்ளதாகிறது.

மற்றொரு தடை பெயரைச் சார்ந்தது. எந்த முனையம் எந்தக் குறித்தொடரை அனுப்பும் என்பதைத் தொகுக்கும் பணியைப் பில் ஜாயின் டெர்ம்கேப் 1970களின் இறுதியில் தொடங்கியது. டெர்மின்ஃபோ அதன் வாரிசு. நிரல், டெர்ம் என்னும் சூழல் மாறியில் உள்ள பெயரைப் பார்த்து இப்பட்டியலில் தேடுகிறது. எஃப்1 விசைக்கு எக்ஸ்டெர்ம் ஒரு தொடரையும், லினக்ஸின் சொந்தத் திரை மற்றொன்றையும் அனுப்புகின்றன. பெயர் தவறினாலோ, தொலைவழங்கியின் பட்டியலில் அப்பெயர் இல்லாவிட்டாலோ, விசை வந்து சேர்ந்தும் அறியப்படாமல் போகும்.

5. கண்டறியும் முறை

இவ்வடுக்குகளை அறிந்தவர்க்குச் சோதனை எளிது. பாஷ் கட்டளை வரியில் கன்ட்ரோல்+வி அழுத்தி, பின் ஐயத்திற்குரிய விசையை அழுத்தினால், வந்த குறிகள் அப்படியே திரையில் தோன்றும்.

ஒன்றும் தோன்றவில்லை என்றால், விசை மேலடுக்கில் இடைமறிக்கப்பட்டது. தேட வேண்டிய இடம் மேசைத்தளத்தின் அல்லது முனையச் செயலியின் அமைப்புகள். டிமக்ஸுக்குள் இருப்பவர், அதற்கு வெளியே ஒருமுறை சோதித்து ஒப்பிட வேண்டும். குறிகள் தோன்றியும் கோப்பு மேலாளர் அசையவில்லை என்றால், டெர்ம் மாறியின் பெயரையும் நிரலின் விசை அமைப்பையும் பார்க்க வேண்டும். மிட்நைட் கமாண்டரில் ‘லேர்ன் கீஸ்’ என்னும் பகுதி, வரும் தொடரை நிரலுக்குக் கற்பிக்கவே உள்ளது. இரு விசைகள் ஒரே குறியைக் காட்டினால், அது ஆஸ்கியின் எல்லை. அமைப்புக் கோப்பை எவ்வளவு திருத்தினாலும் பயன் இல்லை, வேறு விசையைத் தேர்வதே வழி. திரை உறைவதைத் தவிர்க்க, எஸ்டிடிஒய் கட்டளையால் ஓட்டக் கட்டுப்பாட்டை நீக்கிவிடலாம்.

6. க, ப, ம, த

இந்திய மொழிப் பயனரின் நிலை இங்கிருந்துதான் தனித்த கவனம் கோருகிறது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டி உருவான தமிழ்99 விசைப்பலகையில் எச், ஜே, கே, எல் என்னும் இடங்களில் இருப்பவை க, ப, ம, த. இஸ்கி தரத்தோடு இணைந்த இன்ஸ்கிரிப்ட் அமைப்பில் அவை ப, ர, க, த. தேவநாகரியிலும் தெலுங்கிலும் வங்கத்திலும் அதே ஒலிகள் அதே இடங்களில் அமைவது இன்ஸ்கிரிப்ட்டின் அடிப்படை விதி. ஒரு கோப்புக்குத் தமிழில் பெயரிட்டு முடித்த பயனர், அடுத்த கோப்புக்கு இறங்க ஜே விசையை அழுத்துகிறார். நிரலுக்குச் செல்வது ‘ப’. யுடிஎஃப்-8இல் அதற்கு 3 பைட்டுகள். அந்த மூன்றுக்கும் ரேஞ்சரின் இயல்பு அமைப்பில் பணி எதுவும் ஒதுக்கப்படவில்லை. கன்ட்ரோலுடன் சேர்த்தால் நிலை இன்னும் கடினம்: ஆஸ்கியின் 32 குறிகளுள் பெரும்பாலானவை இலத்தீன எழுத்துகளின் வழியே பிறந்தவை, ‘ப’ என்பதிலிருந்து 64ஐக் கழிக்கும் கணக்கு அங்கு இல்லை. அதே விசையின் ஆங்கில எழுத்தைத் தேடிப் பார்க்கும் முனையச் செயலிகளும் உண்டு, பாராதவையும் உண்டு.

இதில் கவனிக்கத்தக்க முரண் ஒன்று உள்ளது. எஃப்5, எஃப்8, அம்பு விசைகள் ஆகியவை எந்த மொழியையும் சாராதவை. விசைப்பலகை தமிழுக்கு மாறினாலும் வங்கத்துக்கு மாறினாலும் அவை மாறுவதில்லை. ஆனால் முனையத்தின் வழியில் பலமுறை தொலைவது இவையே. பல குறிகளாகச் சிதைந்து செல்ல வேண்டியிருப்பவையும், இடைமறிக்கப்படுபவையும் இவையே. மாறாக, ஒரே பைட்டாகப் பழுதின்றிச் சென்று சேரும் எழுத்து விசைகள் ஆங்கிலத்தோடு பிணைந்தவை. மொழிநடுநிலை கொண்ட விசைகள் நொய்மையானவை. உறுதியான விசைகள் ஒரு மொழிக்கு உரியவை. முனையத்தைப் பயன்படுத்துவோர் ஆங்கிலத்திலேயே தட்டெழுதுவர் என்னும் கருதுகோளை எவரும் ஒரு விதியாக எழுதிவைக்கவில்லை. எழுதிவைக்காமலே அது ஒவ்வொரு அடுக்கிலும் படிந்துவிட்டது.

விளைவு அன்றாடத்தில் தெரிகிறது. சுவடி மின்னாக்கம், மொழித்தரவுத் தொகுப்பு, வட்டாரப் பெயராய்வு போன்ற துறைகளில் கோப்புப் பெயர்கள் இந்திய எழுத்துகளில் இருப்பது இயல்பு. அத்தகைய பணியில் ஈடுபடுவோர் பெயர் எழுதத் தமிழுக்கும், நகர ஆங்கிலத்துக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் இருமுறை மாற வேண்டியுள்ளது. பலர் இறுதியில் கோப்புப் பெயர்களையே ஆங்கில எழுத்துக்கு மாற்றிக்கொள்கிறார்கள். றகர ரகர வேறுபாடும் ழகர ளகர வேறுபாடும் அப்பெயர்ப்பில் மறைகின்றன. பின்னர் தேடுவோர்க்கு அவ்விழப்பின் காரணம் புலப்படாது.

7. எழுத்திலிருந்து விசைக்கு

இந்நிலை மாறாதது அன்று. விம் எழுதியில் லாங்மேப் என்னும் அமைப்பு, வேற்றெழுத்து விசைகளைக் கட்டளை நிலையில் ஆங்கில விசைகளாகக் கொள்ள நெடுங்காலமாக உதவுகிறது. ரேஞ்சர் போன்றவற்றின் அமைப்புக் கோப்பில் க, ப, ம, த ஆகியவற்றுக்கும் நகர்வுப் பணியை ஒதுக்கிப் பார்ப்பது மாணவர்க்கு நல்ல பயிற்சி. உள்ளீட்டுமுறை மென்பொருள் எழுத்தை நடுவிலேயே பிடித்துவைக்கும் சூழலில் இதற்கும் வரம்பு உண்டு என்பதை மறத்தல் ஆகாது.

வேரைத் தொடும் முயற்சி கிட்டி முனையத்தில் நிகழ்ந்துள்ளது. காலிபர் மின்னூல் மென்பொருளை உருவாக்கிய கோவித் கோயல் எழுதிய இம்முனையம், எழுத்துக்கு மாறாக விசையையே நிரலுக்குத் தெரிவிக்கும் நெறிமுறை ஒன்றை வகுத்தது. அதில் டேப் வேறு, கன்ட்ரோல்+ஐ வேறு. எஸ்கேப் விசைக்குத் தனித்தொடர் கிடைப்பதால் காத்திருக்கும் தேவையும் இல்லை. மேலும், நிரல் கேட்டுக்கொண்டால், அழுத்தப்பட்ட எழுத்தோடு அவ்விசை தரமான ஆங்கிலப் பலகையில் எந்த இடத்தைச் சேர்ந்தது என்பதையும் முனையம் தெரிவிக்கும். அதாவது ‘ப’ என்பது ‘ப’ ஆகவும், ஜே இருக்கும் இடமாகவும் ஒருங்கே சென்று சேரும். டாஸ் நிரலுக்கு 1986இல் இருந்த வாய்ப்பு, கம்பியின் மறுமுனையில் இருக்கும் நிரலுக்கு இப்போது கிடைக்கத் தொடங்கியுள்ளது.

எனினும் நெறிமுறை தானாகப் பரவாது. முனையமும், இடையிலுள்ள கருவியும், கோப்பு மேலாளரும் மூன்றும் அதை ஏற்க வேண்டும்; அவை ஏற்றபின் இந்திய விசைப்பலகைகளில் எவரேனும் சோதித்துப் பார்க்க வேண்டும். கணினியியல் துறையினர் இதைச் சிறு தொழில்நுட்பக் குறை என்றும், மொழித்துறையினர் இது தமக்குரியதன்று என்றும் ஒதுக்கிவிடுவதே இதுவரையிலான வழக்கம். ஒரு விசை இயங்கவில்லை என்னும் முறையீடு, அது எந்த அடுக்கில் தொலைந்தது என்ற குறிப்போடும், எந்த மொழிப் பலகையில் சோதிக்கப்பட்டது என்ற தகவலோடும் எழுதப்படுமாயின், அதைத் திருத்துவோர்க்கு வழி பாதியளவு திறந்துவிடும். அக்குறிப்பை எழுதத் தகுதியானவர்கள் அப்பலகையில் நாள்தோறும் எழுதுபவர்களே.